கலாமின் 300 கிராம் காலிப்பரை நம் கரைப் பிள்ளைகளுக்குச் செய்து தர முடியுமா?

வாலிநோக்கம்_வாத்தியார்:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் ஆறு பேர் இந்த ஆண்டுத் திட்டப்பணியாக ஒன்றைச் செய்ய நினைக்கிறார்கள். அப்துல் கலாம் நினைவு நாளான ஜூலை 27 அன்று பேச்சுப் போட்டியும் மரக்கன்று நடுவதும் எல்லா ஊரிலும் நடக்கும். அதோடு நிற்காமல், கலாம் ஐதராபாத்தில் செய்து கொடுத்த இலேசான காலிப்பர் (பலமிழந்த காலைத் தாங்க மாட்டும் கருவி) போல, இங்குள்ள சிறப்புப் பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குச் செய்து தர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பெரும்பாலும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள். இருவர் இன்னும் இரும்புக் கம்பியும் தோலும் வைத்த பழைய காலிப்பர் போடுகிறார்கள்.

என்ன பொருளில், எத்தனை மில்லிமீட்டரில், எப்படிச் செய்வது? மாணவர்கள் செய்யலாமா, கூடாதா? எங்கே தவறிப்போகும்? இவை பட்டறைக் கேள்விகள்.

இன்னொன்றும் உண்டு. அன்று பெற்றோர் முன் பத்து நிமிடம் பேச வேண்டும். அறிவியலை மட்டும் பேசுங்கள், பக்தி வேண்டாம் என்கிறார்கள் சிலர். மகான் என்றே பேசச் சொல்கிறார்கள் வேறு சிலர். வருகிற பெற்றோரில் மூன்று மதத்தாரும் இருப்பார்கள், முக்கால்வாசி கடல் தொழில் குடும்பங்கள். அவருடைய இறைநம்பிக்கையையும், காசைவிடத் தொண்டு பெரிதென்று அவர் எடுத்த முடிவையும் மிகைப்படுத்தாமல் சொல்ல எந்தெந்தச் செய்திகள் நிற்கும்?

---

பாம்பன்_தூண்:

வாத்தியாரே, பேச்சுக்கான கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பட்டறை விஷயம் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

முதலில் காலிப்பர் செய்தியைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கலாம் 1982-ல் ஐதராபாத்தில் ஏவுகணை ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். அக்னி ஏவுகணைக்கு (முதல் சோதனை 1989 மே 22) வெப்பம் தாங்குகிற, எடை மிகக் குறைந்த கலப்புப் பொருள் தேவைப்பட்டது. ஆய்வுக்கூடத்துக்கு வந்த நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அந்தப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். அதன் இலேசைக் கண்டதும் கலாமைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்த சிறுவர் சிறுமியரைக் காட்டினார். மூன்று வாரத்தில் 300 கிராம் காலிப்பர் தயாரானது. கலாமே பல மேடைகளில் சொன்ன செய்தி இது. 1980-ல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது, அக்னி, 1998 பொக்ரான் அணுச் சோதனை ஆகிய மூன்றின் வரிசையில் இதை நான்காவது பேரின்பம் என்றார். ஒரு ராக்கெட் விஞ்ஞானி தன் வாழ்நாள் வேலைக்குச் சமமாக ஒரு குழந்தையின் காலில் மாட்டுவதை வைத்திருக்கிறார். பேச்சின் நடுவில் நிற்க வேண்டியது இதுதான்.

எடையைக் கையால் உணரவையுங்கள். பத்து வயதுப் பிள்ளை 25 கிலோ என்றால் மூன்று கிலோ என்பது உடல் எடையில் எட்டில் ஒரு பங்கு. அதுவும் பலமில்லாத காலில், தொங்கும் பாரமாக. மேடையில் மூன்று கிலோ அரிசிப் பை ஒன்றும் 300 கிராம் பருப்புப் பொட்டலம் ஒன்றும் வைத்து, ஒரு தகப்பனாரையும் தாயாரையும் கூப்பிட்டுத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இறைநம்பிக்கையைப் பேசாமல் அந்த ஐதராபாத் நாளைச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம். ஆனால் நம்பிக்கை என்ற சொல்லைப் பத்துத் தடவை சொல்வதைவிட, அது அந்த வீட்டில் எப்படி நடந்தது என்று காட்டுவது மேல். இராமேசுவரம் பள்ளிவாசல் தெரு. கலாமின் வாப்பா, இமாம் ஜைனுலாபுதீன் காலை நாலு மணிக்கு எழுந்து தொழுதுவிட்டு, நாலு மைல் தள்ளியிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து போய்த் தேங்காய் சுமந்து வருவார். மாலைத் தொழுகை முடிந்து அவர் வெளியே வரும்போது, வேற்று மதத்தாரும் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருப்பார்கள். விரல் நுனியை நனைத்து ஓதிக் கொடுப்பார், அவர்கள் அதை வீட்டில் நோயாளிக்குக் கொண்டுபோவார்கள். குணமாகி நன்றி சொல்ல வந்தவர்களிடம் இறைவனுக்குச் சொல்லுங்கள் என்பார். கோயில் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அவருக்கு நெருங்கிய நண்பர். தீவில் தேவாலயம் கட்டிய பாதிரியார் போதலும் வருவார். இமாம், அர்ச்சகர், பாதிரியார் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து ஊர்ப் பிரச்சினை பேசுவதைப் பார்த்து வளர்ந்தேன் என்று கலாம் சொல்லியிருக்கிறார். உங்கள் அரங்கில் மூன்று மதத்தாரும் இருப்பார்கள் என்றீர்களே, இந்த ஒரு காட்சி போதும். சீதாராம கல்யாண விழாவில் உற்சவ மூர்த்தியை ராமதீர்த்தக் குளத்தின் நடுவிலுள்ள மண்டபத்துக்குக் கொண்டுபோக மேடை கட்டிய படகைக் கொடுத்ததும் அந்தக் குடும்பம்தான்.

கசப்பையும் விடாதீர்கள். கலாம் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது புதிதாக வந்த ஆசிரியர், தொப்பி போட்ட பையன் அர்ச்சகர் மகனுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாதென்று அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். லட்சுமண சாஸ்திரிகள் அந்த ஆசிரியரை வரவழைத்து, பிள்ளைகள் மனதில் நஞ்சு விதைக்காதீர்கள், மன்னிப்புக் கேளுங்கள் அல்லது ஊரைவிட்டுப் போங்கள் என்றார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய அய்யர் கலாமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தபோது அவர் மனைவி பரிமாற மறுத்தார். அய்யர் தம் கையால் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் அழைத்தார். அந்த முறை அம்மையாரே உள்ளே கூட்டிப்போய்ப் பரிமாறினார். தீவில் எல்லாம் எப்போதும் இணக்கமாகவே இருந்தது என்று பேசினால் அய்யர் செய்ததன் அருமை தெரியாமல் போகும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். சென்னை எம்.ஐ.டி.யில் சேர அன்றைக்கு ஆயிரம் ரூபாய் வரை தேவைப்பட்டது. அக்கா ஸொஹ்ரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தன் சம்பாத்தியத்தில் அதை மீட்பேன் என்று உறுதி எடுத்துக்கொண்டார் தம்பி. விமானப் பொறியியல் முடித்ததும் விமானப்படை விமானியாக ஆசைப்பட்டார். டேராடூனில் தேர்வுக்கு வந்தவர்கள் 25 பேர், எடுத்தது 8 பேரை, அவர் ஒன்பதாவது. அங்கிருந்து ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தரைப் பார்த்தார். விதித்திருக்கும் வேலை வேறு, இதை ஏற்றுக்கொண்டு நட என்று தேற்றி அனுப்பினார் சுவாமி. 1958-ல் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் அரசு வேலையில் சேர்ந்தார். அதற்குப் பிறகு பாதுகாப்பு ஆய்வு, விண்வெளி, மறுபடி பாதுகாப்பு ஆய்வு என்று பணிக்காலம் முழுதும் அரசுப் பணியில்தான்.

குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006-ல் ஊரிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட உறவினர் டில்லி மாளிகைக்கு வந்து தங்கினார்கள். தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் கணக்குப் போடச் சொல்லி, மூன்றரை லட்சம் ரூபாய் அளவுக்குத் தம் சொந்தக் கணக்கிலிருந்து கட்டினார். கணக்கைத் தனியாக எழுதிவைப்பது என்கிற இந்த ஒழுங்கு உங்கள் திட்டத்துக்கும் வேண்டும், மறக்காதீர்கள்.

தும்பாவில் ராக்கெட் தளத்துக்குக் கிடைத்த தேவாலயம், 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது, பழியைத் தம் மேல் போட்டுக்கொண்ட இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் இதெல்லாம் நல்ல செய்திகள்தான். ஆனால் பத்து நிமிடத்தில் அடங்காது. ஒன்று வேண்டுமானால், அந்தத் தோல்விக்குக் காரணம் இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் கசிந்த நைட்ரிக் அமிலம் என்பதை உங்கள் மாணவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். சிறு கசிவு, மொத்த ராக்கெட்டும் போனது. காலிப்பரிலும் அப்படித்தான் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள்.

---

வெப்ப_அடுப்பு:

ஆர்தோடிக் பட்டறை (காலிப்பர் போன்ற தாங்கு கருவிகள் செய்யும் பட்டறை) வேலை தெரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒரு தெளிவு. கலாம் குழு செய்தது தரை எதிர்விசைக் காலிப்பர். இது இரும்புக் காலிப்பரை எடை குறைத்துச் செய்ததல்ல, வேலை செய்கிற விதமே வேறு. இரும்புக் காலிப்பர் தொடையிலிருந்து பாதம் வரை போய் முழங்காலைப் பூட்டி நிறுத்தும். தரை எதிர்விசைக் காலிப்பர் முழங்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும். கணுக்காலை மடங்கவிடாமல் இறுக்கி, முன் எலும்பின் மேல் ஒரு ஓடு வைத்திருக்கும். பிள்ளை அடி வைத்து உடல் பாரம் முன்பாதத்துக்கு வரும்போது தரை திருப்பித் தள்ளும் விசை முழங்காலுக்கு முன்னால் போகும், அந்த ஓடு முழங்காலைப் பின்னால் தள்ளி நிமிர்த்தும். தொடைத் தசை செய்ய வேண்டியதைத் தரையே செய்துவிடுகிறது.

இதிலிருந்து மூன்று விதி வருகிறது. கணுக்கால் துளியும் வளையக் கூடாது. பாதத் தட்டு விரல் நுனி வரை நீள வேண்டும், விரலடியோடு வெட்டினால் நெம்புகோல் போய்விடும். முன் ஓடு முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார்ப் பகுதியில் அகலமாக உட்கார வேண்டும், எலும்பு முகட்டில் கூர்மையாக உட்காரக் கூடாது.

கார்பன் இழைக் கலப்புப் பொருள் வேண்டாம், பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகடு போதும். கார்பன் ஒருமுறை இறுகிவிட்டால் திருத்த முடியாது, வளரும் பிள்ளைக்கு அது இடைஞ்சல். பாலிபுரொப்பிலீனை வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கி உரசும் இடத்தை வெளியே தள்ளலாம். எடையைப் பாருங்கள். அடர்த்தி ஏறக்குறைய 0.9. சிறு பிள்ளைக்கு வெட்டி முடித்தபின் 900 சதுர செ.மீ. தகடு நிற்கும் என்று வைத்தால், 4 மி.மீ. தடிப்புக்கு 900 × 0.4 × 0.9 = 324 கிராம். ஆக, கலாம் சொன்ன எடைக்கு அருகில் சாதாரணத் தகட்டிலேயே வந்துவிடலாம். பிள்ளையின் எடை 20 கிலோ வரை என்றால் 4 மி.மீ., அதற்கு மேல் 5, முப்பதைத் தாண்டினால் 5 அல்லது 6 மி.மீ. தகடோடு கணுக்காலில் நெளிவரிப்பு (விறைப்புக் கூட்டும் மடிப்பு). இதைத் தொடக்க அளவாக மட்டும் கொள்ளுங்கள். விறைப்பு அதிகமுள்ள பிள்ளைக்கு ஒருபடி கூட்ட வேண்டியிருக்கும்.

வேலை முறை இதுதான். காலுக்கு மெல்லிய காலுறைத் துணி போட்டு, அழியாப் பென்சிலால் இரண்டு கணுக்கால் முட்டு, வெளிப்பக்க முழங்கால் எலும்பு முனை, பெருவிரல் சுண்டுவிரல் அடி முட்டு, குதிகால், முன் எலும்பு முகடு எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். மாவுக்கட்டு இறுகியபின் வெட்டிக் கழற்றுவதற்கான ரப்பர் குழாயைப் பின்கால் பக்கம் வையுங்கள். சாதாரண கணுக்கால் காலிப்பருக்கு முன்னால் வைத்தே பழகியவர்கள் இங்கே தவறு செய்வார்கள், முன் ஓட்டுப் பகுதியின் வடிவம் அதனால் கெடும். 10 செ.மீ. அகல மாவுக்கட்டு இரண்டு அல்லது மூன்று சுருள், நாலைந்து அடுக்கு. இறுகும் வரை கணுக்காலை 90 பாகையில், குதிகால் உள்ளேயும் வெளியேயும் சாயாமல் பிடித்திருக்க வேண்டும். மொத்த வேலையின் உயிர் இந்த மூன்று நிமிடம்தான். இங்கே ஐந்து பாகை தவறினால் பின்னால் எந்த இயந்திரத்தாலும் சரி செய்ய முடியாது.

பிறகு அச்சுக்குள் அரை அங்குலக் குழாயை நட்டு மாவு (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஊற்றுவது. இரண்டு கிலோ மாவுக்கு 1.4 லிட்டர் தண்ணீர் என்றால் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் குழம்பு வரும், சிறு பிள்ளைக் காலுக்குச் சரியாக இருக்கும். நம் கரையில் இரண்டு தொல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் மாவு சீக்கிரம் கட்டிக்கொள்ளும், உள்ளே காற்றுப்பை தங்கிவிடும். குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். இரண்டாவது, கடற்காற்றின் ஈரத்தில் திறந்த மாவு மூட்டை சில வாரத்திலேயே வீரியம் இழக்கும், அச்சு சுரண்டும்போது பொடியும். மூடி இறுகும் டப்பாவில் வைத்து, சிறு சிறு பையாக வாங்குங்கள்.

அச்சைத் திருத்தும்போது எலும்பு முட்டுகளின் மேல் 3 முதல் 5 மி.மீ. மாவு ஏற்ற வேண்டும். முன் எலும்பின் இரு பக்கத்திலும் சிறிது சுரண்டி, முகட்டில் ஏற்ற வேண்டும், பாரம் சதைப்பக்கம் போக. முன்பு குறித்த வெளிப்பக்க முழங்கால் எலும்பு முனைக்குப் பின்னால் நரம்பு ஓடுகிறது, அங்கே அழுத்தினால் பாதம் மரத்துத் தொங்கிவிடும். காலிப்பரின் மேல் விளிம்பு அந்த இடத்தைத் தொடவே கூடாது.

அடுப்பு 180 முதல் 200 பாகை. 4 மி.மீ. தகடு 10 முதல் 15 நிமிடத்தில் பால் வெண்மை மாறிக் கண்ணாடி போல் தெளியும். நேரத்தை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். ஓரம் தெளிந்து நடு வெண்மையாக இருக்கும்போது எடுத்தால் நடுவில் உள்தகைவு (உள்ளே அடைபட்ட இழுவிசை) தங்கி, மாதம் கழித்து அங்கேதான் விரியும். அச்சின் மேல் போர்த்தி, தையல் ஓரத்தை இறுக்கி, வெற்றிடப் பம்பால் காற்றை இழுக்க வேண்டும். இழுத்தபின் ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். அவசரப்பட்டு இரண்டு மணி நேரத்தில் கழற்றினால் தகடு சுருங்கிக் குதிகால் திறந்துகொள்ளும். விழா நாளைக்கு முந்தின நாள் நடக்கிற தவறு பெரும்பாலும் இதுதான்.

வெட்டிய ஓரத்தில் ரம்பக் கீறல் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. பாலிபுரொப்பிலீன் கீறலிலிருந்து கிழியும் சுபாவம் உள்ளது, கணுக்கால் வளைவில் ஒரு நகக்கீறல் போதும். பாம்பன்_தூண் சொன்ன கசிவு இங்கே இந்தக் கீறல்தான். உருளைத் தேய்ப்பானால் உருட்டி, கண்ணாடித் துண்டால் சீவி, வழவழப்பாக்குங்கள். ஆணி செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகு. இரும்பு ஆணி இந்தக் காற்றில் நீடிக்காது, துருக்கறை காலுறையில் இறங்கித் தோல் புண்ணாகும்.

---

நடை_அளவு:

பிசியோதெரபி பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். மேலே உள்ள வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், தகுதியில்லாத காலில் மாட்டினால் கெடுதல்தான்.

இந்தக் காலிப்பர் பொருந்துவது, முழங்காலும் இடுப்பும் மடங்கிக் குனிந்து நடக்கிற பிள்ளைக்கும், தொடைத் தசை பலம் குறைந்த பிள்ளைக்கும். படுக்கவைத்துப் பார்க்கும்போது முழங்கால் முழுதாக நீள வேண்டும். பத்துப் பாகைக்கு மேல் மடங்கியே நின்றால், காலிப்பர் தள்ளுகிற இடத்துக்கு எலும்பு போகாது, தோல்தான் புண்ணாகும். முழங்கால் நீட்டிய நிலையில் கணுக்கால் 90 பாகைக்கு வர வேண்டும். பாதம் அதிகமாக வெளியே திரும்பியிருந்தால் நெம்புகோல் பக்கவாட்டில் போய் முழங்காலை முறுக்கும். முழங்கால் பின்னால் வளைகிற பிள்ளைக்கு இது கூடவே கூடாது, இன்னும் பின்னால் தள்ளும். உணர்ச்சியில்லாத பாதம் என்றால் எலும்பு மருத்துவர் பார்க்காமல் தொடாதீர்கள்.

வாத்தியார் சொன்ன இரும்புக் காலிப்பர் போடும் இரண்டு பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்று இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள். இடுப்பும் தொடையும் சேர்ந்து பலமிழந்த காலுக்குத் தொடை வரை போகும் காலிப்பர் வேண்டித்தான் இருக்கும். அப்போதுகூட இரும்புக்குப் பதில் அலுமினியக் கம்பி, தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் ஓடு என்று எடையை நன்றாகக் குறைக்கலாம்.

அணியப் பழக்குவது: முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். கழற்றியதும் சிவப்புத் திட்டு பாருங்கள். இருபது முப்பது நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையவில்லை என்றால் அந்த இடத்தைக் குறித்துப் பட்டறைக்கு அனுப்புங்கள், சரியாகும் வரை போடக் கூடாது. நாளுக்கு ஒரு மணி கூட்டி, இரண்டு வாரத்தில் முழுநாள். உள்ளே தையல் இல்லாத பருத்திக் காலுறை, காலிப்பரைவிட உயரமாக. நம் ஊர் வியர்வைக்கு நாளுக்கு இரண்டு ஜோடி வேண்டும். இதைத் திட்டச் செலவில் சேர்க்காவிட்டால் மூன்றாம் வாரமே காலிப்பர் கட்டிலுக்கடியில் போய்விடும்.

செருப்பு பெரிய விஷயம். பின்பட்டை உள்ள சாண்டல், ஒரு அளவு பெரியது, குதி உயரம் ஒரே அளவு. குதி உயர்ந்த செருப்பு போட்டால் கால் முன்னால் சாயும், முழங்கால் மடங்கும், காலிப்பர் செய்த வேலை வீண். குதி ஒரு பக்கம் தேய்ந்த பழைய செருப்பும் அப்படியே.

மணல் பற்றி யாரும் எழுதவில்லை. இளகிய மணலில் முன்பாதம் புதையும், தரை திருப்பித் தள்ளாது, அதனால் முழங்கால் தாங்கலும் குறையும். வீட்டு வாசலிலிருந்து தெரு வரை இளமணல் என்றால் அந்த இருபதடிக்குக் கல் பலகையோ சிமெண்டுப் பலகையோ போட்டுக் கொடுப்பது காலிப்பருக்கு இணையான உதவி. உங்கள் மாணவர்கள் கையாலேயே செய்யலாம். ஈர மணல் இறுகி இருக்கும், அங்கே நடக்கலாம். ஆனால் கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் தினமும் காயப்போட்டால் தகடு நாளடைவில் நொறுங்கும் தன்மைக்கு வரும். ஒட்டுப்பட்டையின் (வெல்க்ரோ) கொக்கியில் மணல் அடைத்துக்கொள்ளும், பழைய பல் துலக்கியால் வாரம் ஒருமுறை சீவினால் போதும்.

நடையை அளந்து வையுங்கள். பத்து மீட்டர் கோடு போட்டு, நேரமும் எடுத்து வைத்த அடிகளின் எண்ணிக்கையும், காலிப்பர் இல்லாமல் மூன்று தடவை, போட்டு மூன்று தடவை. கைப்பேசியை முழங்கால் உயரத்தில், பக்கவாட்டில் மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் படம் எடுங்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியபின் மட்டும். அந்தப் படத்தை மேடையில் போடாதீர்கள்.

---

வாலிநோக்கம்_வாத்தியார்:

மூவருக்கும் நன்றி. அடுப்பு அண்ணே, உங்கள் பதிலைப் படித்தபின் மாணவர்கள் அச்செடுப்பது சரியில்லை என்று எனக்கே படுகிறது. அப்படியானால் அவர்கள் பங்கு என்ன? பயிற்சி பெற்றவர் யார் என்பதை எப்படி உறுதி செய்வது? அரசுத் திட்டம் இருக்கும்போது நாங்கள் ஏன் தனியாகச் செய்ய வேண்டும் என்று எங்கள் பாலிடெக்னிக் முதல்வர் கேட்கிறார்.

---

வெப்ப_அடுப்பு:

சரியாகப் பிடித்தீர்கள். அச்செடுப்பதும் திருத்துவதும் பொருத்திப் பார்ப்பதும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற ஆர்தோடிஸ்டின் வேலை. 1992-ன் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், நல்ல ஆள் கேட்டால் கோபப்பட மாட்டார்.

முதல்வர் கேட்டதும் நியாயம். உதவி உபகரணங்களுக்கான மத்திய அரசின் அடிப் திட்டம் இருக்கிறது, செயற்கை உறுப்புகள் தயாரிக்கும் அரசு நிறுவனமான கான்பூர் அலிம்கோ அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். உடல் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்ற சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும். அடிப் திட்டத்தில் ஒருமுறை வாங்கினால் மூன்று ஆண்டு கழித்துத்தான் மறுபடி, பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் ஒரு ஆண்டு. ஆனால் வளர்கிற பிள்ளைக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் காலிப்பர் சிறிதாகிவிடும். விரல் தட்டைத் தாண்டும், கணுக்கால் முட்டு குழியைவிட்டு மேலே ஏறும், மேல் விளிம்பு கீழே இறங்கியது போல் தெரியும். நடுவில் பட்டை அறும், ஆணி தளரும், செருப்பு தேயும். அரசுத் திட்டம் காலிப்பரைத் தருகிறது. அதற்கும் அடுத்த காலிப்பருக்கும் இடையிலுள்ள மாதங்களில்தான் ஆள் இல்லை. உங்கள் ஆறு பேர் அங்கே நில்லுங்கள்.

செய்யக்கூடியவை: சான்றும் அட்டையும் இல்லாத பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது. பட்டை, ஆணி, மெத்தை ஒட்டு மாற்றும் ஒரு சிறு பெட்டி: 2.5 மற்றும் 4 செ.மீ. ஒட்டுப்பட்டை பத்து மீட்டர், செம்பு ஆணி நூறு, 3 மி.மீ. பாலிஎத்திலீன் நுரைத்தாள், ஓரம் சீவும் கருவி. செருப்புக் குதியைச் சமப்படுத்துவது. நடைப்பயிற்சிக்கு இணைகம்பி செய்வது: இரண்டு கம்பிக்கும் இடைவெளி, பிள்ளையின் இடுப்பு அகலத்தோடு இரு பக்கமும் ஐந்து செ.மீ., உயரம் மாற்றும்படி துளையிட்ட கால். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்பது பேர் காலையும் அளந்து ஒரே நோட்டில் எழுதுவது. விரிசல் விட்ட காலிப்பரை ஒட்டிக் கொடுக்கவே கூடாது, பாலிபுரொப்பிலீனில் பசை பிடிக்காது. உடனே கழற்றிவிட்டுப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

---

பாம்பன்_தூண்:

ஒன்று சேர்க்கிறேன், வாத்தியாரே. ஜூலை 27-ஐ வழங்கும் நாளாக வைக்காதீர்கள், அளவெடுக்கும் நாளாக வையுங்கள். மேடையில் வரிசையாக நிற்கவைத்துக் காலிப்பர் கொடுத்துப் படம் எடுப்பது அந்தப் பிள்ளைகளுக்குக் கூச்சம். ஐதராபாத்திலும் முதலில் நடந்தது ஒரு விஞ்ஞானி மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்ததுதான், கொடுத்தது மூன்று வாரம் கழித்து. நேரத்தையும் தாய்மாரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கு நீர் வற்றும் நேரம்தான் வேலை நேரம், உங்கள் பத்து மணி அவர்களுக்கு ஒரு நாள் கூலியாக இருக்கலாம்.

இன்னொன்று, அன்று தொடங்கும்போது ஏதேனும் வழிபாடு வைக்க நினைத்தால், ஆளுக்கொரு பாட்டு என்று மூன்று வைப்பதைவிட ஒரு நிமிடம் எல்லோரும் அமைதியாக இருப்பது நல்லது.

---

வாலிநோக்கம்_வாத்தியார்:

முதல்வரிடம் பேசியாயிற்று. 27-ஆம் தேதி அளவெடுப்பு மட்டும், மாலை நாலு மணிக்கு, மூன்று தாய்மாரிடம் கேட்டு வைத்த நேரம். பதிவு பெற்ற ஆர்தோடிஸ்ட் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், பதிவு எண்ணை வாங்கிக்கொண்டோம். மாணவர்களில் இருவர் இணைகம்பிக்கு வரைபடம் போடுகிறார்கள், இருவர் ஒன்பது வீட்டு வாசலையும் பார்த்து எங்கே இளமணல், எத்தனை அடி என்று எழுதுகிறார்கள், மற்ற இருவரிடம் நோட்டும் செலவுக் கணக்கும்.

நடை_அளவு அவர்களே, இணைகம்பி நீளம் மூன்று மீட்டர் போதுமா, நாலு வேண்டுமா? பள்ளி அறை நீளம் ஐந்தரை மீட்டர்.

---

நடை_அளவு:

மூன்று மீட்டர் போதும். இரண்டு முனையிலும் பிள்ளை திரும்பவும், துணைக்கு ஒருவர் நிற்கவும் ஒரு மீட்டராவது விடுங்கள். ஒரு முனையில் தரை வரை நிலைக்கண்ணாடி வைத்தால் தன் முழங்காலைத் தானே பார்த்து நிமிர்த்தும். கம்பிக்குக் கீழே பாய் விரிக்காதீர்கள், விளிம்பு தடுக்கும்.